காக்டெயில் குச்சிகள்: காரைக்கால் பாரில் ஆறு ஆண்டுகள்

காரைக்காலில் ஒரு ஹோட்டல் பாரில் ஆறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். நான் சேர்ந்த காலத்தில் காக்டெயிலின் செர்ரியையும் எலுமிச்சை வில்லையையும் சாதாரணப் பல்குச்சியில்தான் குத்தி வைத்தோம். 6.5 சென்டிமீட்டர் நீளமே உள்ள அந்தக் குச்சி, 8.5 சென்டிமீட்டர் வாயுள்ள விஸ்கி கிளாஸின் குறுக்கே நிற்காமல் உள்ளே விழுந்து ஐஸ் கட்டிகளுக்கு நடுவே மறைந்துவிடும். மங்கிய வெளிச்சத்தில் அது பானத்தோடு தொண்டையில் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு, பல்குச்சியை விழுங்கி வயிற்றுக்குள் சீழ்ப்பிடித்து 1941-இல் இறந்த அமெரிக்க எழுத்தாளர் ஷெர்வுட் ஆண்டர்சனே சாட்சி. ஆகவே கிளாஸின் வாயை அளந்து, அதைவிட 2 சென்டிமீட்டராவது நீளமான குச்சியை வாங்கத் தொடங்கினோம்.

அடுத்து வந்தது, தலையில் முடிச்சிட்ட 12 சென்டிமீட்டர் மூங்கில் குச்சி. அன்னாசித் துண்டு போன்ற கனமான பழத்தை மூங்கிலின் நார் பற்றிக்கொள்வதால், துண்டு சுழல்வதும் இல்லை, சரிவதும் இல்லை. ஆனால் கடைமடையின் ஐப்பசி அடைமழையில், பிரித்த பாக்கெட்டை அலமாரியில் அப்படியே விட்டால் முடிச்சின் மடிப்புகளில் கரும்பூஞ்சை பிடித்துவிடுகிறது. முதல் ஆண்டு ஒரு பாக்கெட் முழுவதையும் குப்பையில் கொட்டினேன். இப்போது வாங்கியதும் வெயிலில் காயவைத்து, துணியில் முடிந்த ஒரு பிடி அரிசியோடு எவர்சில்வர் சம்புடத்தில் இறுக மூடி வைக்கிறேன். சாயம் தோய்த்த குச்சிகள் வேண்டாம். ஜின் மதுவில் வைத்த கால் மணி நேரத்தில் சாயம் இறங்கியதைக் கண்டேன்.

வாள் வடிவப் பிளாஸ்டிக் குச்சிகளை நான் வாங்குவதே இல்லை. பானம் கலக்கும் பிளாஸ்டிக் குச்சிகளை 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்துவிட்ட பிறகு, அவற்றின் பங்காளிக்கு வக்காலத்து வாங்க எனக்கு மனமில்லை.

ஆலிவ் காயைக் குத்தி வைத்துத் தரும் ஜின் காக்டெயிலான மார்ட்டினிக்கு எவர்சில்வர் குச்சிதான் ஏற்றது. முதலில் வாங்கிய 50 குச்சிகளில், ஆலிவ் ஊறிய உப்புநீரும் கடற்காற்றும் சேர்ந்து, தலைக்குண்டு ஒட்டிய இடத்தில் மூன்றே மாதத்தில் துருப்புள்ளி வைத்தன. காந்தம் ஒட்டவில்லை என்று காட்டித்தான் கடைக்காரர் விற்றார். நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்க்கும் 200 வரிசை எஃகிலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கொண்ட 304 வகை என்று பில்லில் எழுதி வாங்கியவை நான்காவது ஆண்டிலும் துருவின்றி இருக்கின்றன. குறைவது எண்ணிக்கைதான்: எச்சில் தட்டோடு குப்பைக்குப் போனவையும் வாடிக்கையாளர் சட்டைப்பையில் போனவையும் நீங்கலாக 31 மிஞ்சியுள்ளன.

ஆலிவைக் கொட்டை எடுத்த துளை வழியே குத்தினால், உள்ளே அடைத்த சிவப்பு மிளகாய்த் துண்டு மறுபுறம் பிதுங்கிப் பானத்தில் விழும். துளைக்குக் குறுக்கே குத்தினால் இரண்டும் சேர்ந்து நிற்கும். செர்ரி என்ற பெயரில் இங்கே டப்பாவில் வருவது பெரும்பாலும் பாகில் ஊறிய களாக்காய்தான். தடித்த குச்சி பட்டால் அது பிளந்துவிடுவதால், அதற்கு மெல்லிய எஃகுக் குச்சியையே எடுக்கிறேன்.

இந்த ஆண்டு தென்னை ஈர்க்கையும் சீவிப் பார்த்தேன். இலை தைக்கும் அந்த ஈர்க்கு எலுமிச்சைத் தோல் சுருளைத் தாங்குகிறது. அன்னாசியை ஏற்றினால் வில்லாக வளைந்து, துண்டைக் கிளாஸுக்குள்ளேயே இறக்கிவிடுகிறது.