விலை உயர்ந்த பிக்: காசு எதற்குப் போகிறது?

கிட்டார், மேண்டலின், ஊத் போன்ற தந்திக் கருவிகளை மீட்டப் பயன்படும் பிக், ஓர் இசைக்கலைஞர் வாங்கும் பொருள்களிலேயே மிக மலிவானது. ஒரு டஜன் பிக்குகள் ஒரே உறையில் கிடைக்கும் விலையைக் காட்டிலும் பல மடங்கு கொடுத்து ஒற்றைப் பிக்கை வாங்குவது வீண் ஆடம்பரம் என்று ஒரு சாரார் சொல்கின்றனர். அதைத் தொட்டபின் பழைய பிக்கைத் திரும்ப எடுக்கவே மனம் வராது என்று மற்றொரு சாரார் சொல்கின்றனர். இரு தரப்பிலும் உண்மை இருக்கிறது. யாருக்கு எது உண்மை என்பதை முடிவு செய்வது, பெரும்பாலும், அவர் பிடித்து வாசிக்கும் பிக்கின் தடிமன்தான்.

பிக்கின் வேலையைச் சற்று நெருங்கிப் பார்த்தால் இது விளங்கும். பிக்கின் முனை முதலில் தந்தியை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. தந்தி அதன் விளிம்பின் மேல் சறுக்கிக்கொண்டு போய், ஒரு கணத்தில் விடுபடுகிறது. முனை கூராக இருந்தால் தந்தி கூர்மையான கோணத்தில் மடங்கி விடுபடுவதால் மேற்சுரங்கள் (அடிச்சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் நுண்ணிய உயர் ஒலிகள்) மிகுந்து நாதம் பளிச்சென்று கேட்கும். முனை உருண்டையாக இருந்தால் அந்த மடிப்பு அகன்று, மேற்சுரங்கள் தணிந்து, நாதம் கனமாகவும் மென்மையாகவும் வரும். இதுவரை எல்லாம் வடிவத்தின் வேலை. இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. ஆனால் விடுபடுவதற்கு முன்னுள்ள அந்தச் சறுக்கலில் வேறொன்றும் நிகழ்கிறது. விளிம்பு சொரசொரப்பாக இருந்தால், சுருள் சுற்றிய தடித்த தந்திகளில் பிக் உராய்ந்து அரத்தின் ஒலியை எழுப்பும். வேகமாக மீட்டும்போது, ஏற்கெனவே அதிர்ந்துகொண்டிருக்கும் தந்தியைப் பிக் மீண்டும் தொடும் கணத்தில் ஒரு சிறு கிரீச்சொலியும் சேரும். விலை உயர்ந்த பிக்குகளைச் செய்வோர் உழைப்பது பெரும்பாலும் இந்த உராய்வைக் குறைப்பதற்காகத்தான்.

அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள மெல்லிய பிக் தந்தியில் பட்டவுடன் தானே வளைந்து ஒரு சரிவை உண்டாக்கிக்கொள்கிறது. அதன் விளிம்பு எப்படித் தீட்டப்பட்டிருக்கிறது என்பது பெரிய பொருட்டல்ல. ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள பிக் வளையாது. அதன் விளிம்பு வெட்டியபடியே செங்குத்தாக இருந்தால் தந்தி ஒரு சுவரில் மோதியதுபோல் தடுமாறும். தந்தி வழுக்கிச் செல்லும் சரிவை யாராவது கையால் தீட்டித்தான் தர வேண்டும். இதைத்தான் பெவல் என்கின்றனர். ஆகவே மெல்லிய பிக்கை வைத்துக்கொண்டு சுரக்கூட்டுகளை வாரி இசைப்பதே முக்கிய வேலையாக உள்ளவருக்கு உயர்விலைப் பிக் எதையும் புதிதாகத் தராது. அவர் இங்கேயே படிப்பதை நிறுத்திக்கொள்ளலாம், நட்டமில்லை. தடித்த பிக்கைப் பிடித்து ஒவ்வொரு சுரமாக, அதிலும் ஒலிபெருக்கி இல்லாத கருவியில் வாசிப்பவருக்கே மேற்கொண்டு சொல்வதெல்லாம்.

பொருளின் கதையும் இந்த வழவழப்பைத் தேடிய கதைதான். அழுங்காமையின் ஓடு நெடுங்காலம் மிகச் சிறந்த பிக்காகக் கருதப்பட்டது. விறைப்பானது, எளிதில் மெருகேறுவது, விரல் சூட்டில் லேசாகப் பற்றிக்கொள்வது. 1922 முதல் அமெரிக்காவின் டி'ஆண்ட்ரியா நிறுவனம் செல்லுலாய்டு என்னும் பழைய வகைப் பிளாஸ்டிக்கில் பிக்குகளைச் செய்து விற்றது. ஆமையோட்டைப் போன்ற பழுப்புப் புள்ளிகள் இன்றும் பல பிக்குகளில் அச்சிடப்படுவது அந்த மரபின் மிச்சமே. வடிவங்களைக் குறிக்க அந்நிறுவனம் வழங்கிய 351, 346 ஆகிய எண்கள் இன்றும் வாசிப்போர் வாயில் புழங்குகின்றன: முன்னது எல்லோருக்கும் பழகிய வழக்கமான வடிவம், பின்னது மூலைகள் உருண்ட பெரிய முக்கோணம். 1970-களில் அழிநிலை உயிரினங்களுக்கான பன்னாட்டு உடன்படிக்கை அழுங்காமையின் வணிகத்தைத் தடுத்தபின், அதற்கு நிகரான செயற்கைப் பொருளைத் தேடும் வேலை தீவிரமானது. பழைய கையிருப்பு என்று சொல்லி இன்றும் சிலர் ஓட்டுப் பிக்கை விற்க முன்வருவதுண்டு. சட்டச் சிக்கல் ஒருபுறம் இருக்க, கீழே சொல்லப்போகும் பொருள்கள் இருக்கையில் அதற்குத் தேவையும் இல்லை.

இந்த வரிசையில் முதலில் பேசப்படுவது, டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில் நகரிலிருந்து வரும் புளூசிப் பிக். அது விண்வெளிக் கருவிகளிலும் ஜெட் என்ஜின்களிலும் உராய்வைத் தாங்கப் பயன்படும் பாலிஇமைடு என்னும் பிளாஸ்டிக் வகையைச் சேர்ந்தது என்பதும், டூபான்ட் நிறுவனத்தின் வெஸ்பெல்தான் அது என்பதும் வாசிப்போரிடையே நிலைபெற்ற கருத்து. பிக்கின் மேல் பொறிக்கப்பட்ட எண், தடிமனை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சொல்கிறது: டிபி 48 என்றால் சுமார் 1.2 மில்லிமீட்டர், மேண்டலின் கலைஞர் கிறிஸ் தீலியின் பெயரெழுத்துகளைத் தாங்கிய சிடி 55 என்றால் சுமார் 1.4 மில்லிமீட்டர். அடர்பழுப்பு நிறம், அலங்காரம் ஏதுமில்லாத தோற்றம்; கையில் எடுத்துப் பார்த்தால் இதற்கா இவ்வளவு விலை என்று தோன்றுவது இயல்பு. மதிப்பு தெரிவது மென்மையாக வாசிக்கும்போதுதான். மேண்டலினில் இரட்டைத் தந்திகளின் மேல் தொடர்ந்து மேலும் கீழுமாக அதிர வைத்து ஒரு சுரத்தை நீட்டும்போது, மலிவான பிக்கில் ஒவ்வொரு தொடுகையும் தனித்தனியே காதில் விழும். இதில் தொடுகைகள் பின்வாங்கி, சுரத்தின் கார்வை முன்னுக்கு வருகிறது. உரக்க வாசிக்கும்போது இந்த வேறுபாடு பாதியாகக் குறைந்துவிடுகிறது. மின்கிட்டாரில் ஒலியைச் சிதைத்து வாசிக்கும்போது ஏறத்தாழ மறைந்தே போகிறது. தேய்மானத்திலும் இப்பொருள் நெடுநாள் தாங்கும். விலைக்கு ஈடாகச் சொல்லக்கூடிய வலுவான காரணங்கள் இவ்விரண்டும்தான். ஒரு சாதாரண கருவியை உயர்ந்த கருவியாக மாற்றிவிடும் என்பதெல்லாம் விற்பனைப் பேச்சு.

நெதர்லாந்தில் மிஷெல் வேகன் என்பவர் தொடங்கிய வேகன் பிக்குகள் வேறு வழியில் போகின்றன. ஜாஸ் கிட்டார் மேதை ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் மரபில் கிட்டார் வாசிப்போர் கீழ்நோக்கிய வலுவான மீட்டலையே அடித்தளமாகக் கொண்டவர்கள்; அவர்களுக்காகவே மூன்றரை மில்லிமீட்டர் தடிமனில் ஒரு பிக் உண்டு. முதன்முறை பிடிப்பவருக்கு அது பிக்காகவே தோன்றாது, சட்டைப் பொத்தானைப் பிடித்திருப்பதுபோல் இருக்கும். ஆனால் அதன் முனை மிக நுட்பமாகச் சரித்துத் தீட்டப்பட்டிருப்பதால் தந்தியைத் தொடும் பகுதி சிறியதாகவே இருக்கிறது. எடை மிகுந்திருப்பதால் விரல்கள் இறுகப் பிடிக்க வேண்டியதில்லை. கை தளர்ந்தால் நாதம் திறக்கும் என்பது எல்லா மீட்டல் மரபுகளும் ஒப்புக்கொள்வதுதான். மேண்டலினுக்கும் சாதாரண கிட்டாருக்கும் இதே பட்டறையின் 1.4 மில்லிமீட்டர் முக்கோணம் போதும். இதன் ஒலி புளூசிப்பைவிடச் சற்றுப் பளிச்சென்றது. மந்தமான ஒலியுள்ள கருவிக்கு நான் இதையே பரிந்துரைப்பேன்.

டன்லப் நிறுவனத்தின் பிரைம்டோன் வரிசையை இந்தப் பட்டியலில் சேர்க்கலாமா என்பதே விவாதத்துக்குரியது. விலையில் அது நடுத்தரம். அல்டெக்ஸ் எனப்படும் விறைப்பான பொருளில் வெட்டி, விளிம்பைச் சரித்து மெருகேற்றி வருவது. என் மதிப்பீட்டில், உயர்விலைப் பிக் தரும் பயனில் பெரும்பகுதியை இதுவே தந்துவிடுகிறது. பிடிமேடு பொறித்த வகையும் வழவழப்பான வகையும் உண்டு. வியர்க்கும் விரல் உள்ளவர் முன்னதை எடுக்கலாம். தடித்த பிக் தனக்குப் பொருந்துமா என்றே தெரியாதவர் இதில் தொடங்குவதுதான் முறை. இங்கிருந்து மேலே செல்லும்போது கூடுதல் விலைக்குக் கிடைப்பது சிறிய முன்னேற்றமே என்பதையும், அந்தச் சிறிய முன்னேற்றம் மென்மையான வாசிப்பில் மட்டும் தெளிவாகக் கேட்கும் என்பதையும் முன்கூட்டியே அறிந்துகொள்வது நல்லது.

பால்புரதமான கேசினிலிருந்து செய்யும் பிக்குகள் ஆமையோட்டின் ஒலிக்கு மிக நெருங்கியவை என்று புகழப்படுவன. அந்தப் புகழ் பொருத்தமானதே. ஆனால் கேசின் ஈரத்தை உறிஞ்சும். வியர்வையிலும் ஈரக் காற்றிலும் வளைந்து கொடுக்கும், வறட்சியில் விளிம்பு உதிரும். தொடர்ந்து கவனிக்கப் பொறுமை உள்ளவருக்கு மட்டுமே அது ஏற்றது. அக்ரிலிக் பிக்குகள் விரல் சூட்டில் பற்றிக்கொள்வதால் கையைவிட்டு நழுவுவது குறைவு. ஆயினும் அவற்றின் பளபளப்பான முனை முதலில் எழுப்பும் கண்ணாடியொத்த ஒலி எல்லோருக்கும் உவப்பாக இராது. கல், எலும்பு, உலோகம் ஆகியவற்றில் செய்த பிக்குகளும் விற்கப்படுகின்றன. குயீன் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே பழைய ஆறு பென்ஸ் நாணயத்தால் வாசிப்பது உலகறிந்த செய்தி, ஆனால் அது அவருடைய கைக்கும் அவருடைய கிட்டாருக்கும் ஏற்ற தனிவழி. உலோகம் தந்தியையும் விரைவாகத் தேய்க்கும். இந்துஸ்தானி இசையின் தந்திக் கருவியான சரோதுக்குத் தேங்காய்ச் சிரட்டையைத் தீட்டிச் செய்யும் ஜவா என்னும் பிக் இவ்வளவு பேச்சுக்கும் நடுவில் அமைதியாகத் தன் வேலையைச் செய்து வருகிறது என்பதையும் இங்கே குறிப்பிடத் தோன்றுகிறது. தடித்த, வளையாத, கையால் விளிம்பு தீட்டிய பிக் என்னும் கருத்து புதிதொன்றும் அல்ல.

தேர்ந்தெடுக்கும் முறையில் நான் வலியுறுத்த விரும்புவது வரிசையைத்தான். முதலில் வடிவம், அடுத்துத் தடிமன், கடைசியில்தான் பொருள். வடிவத்தையும் தடிமனையும் மலிவான பிக்குகளைக் கொண்டே அறிந்துவிடலாம். தடிமனுக்கு ஒரு நிறம் என்று வகுத்து வரும் டன்லப் டார்டெக்ஸ் பிக்குகள் இதற்கு மிகவும் உதவும். ஆரஞ்சு 0.60, மஞ்சள் 0.73, பச்சை 0.88, நீலம் 1.0, ஊதா 1.14 மில்லிமீட்டர் என்று ஒரே பொருளில் படிப்படியாக ஏறுவதால், கையில் உணரும் வேறுபாடு தடிமனால் மட்டுமே வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியும். ஊதா நிறத்துக்கு வந்தும் இன்னும் விறைப்பு வேண்டும் என்று கை கேட்டால், உயர்விலைப் பிக்கைப் பற்றி யோசிக்கலாம். பச்சையிலேயே கை நின்றுவிட்டால் யோசிக்க வேண்டியதில்லை. வடிவத்தில், பெரிய முக்கோணத்துக்கு ஒரு நடைமுறைச் சிறப்பு உண்டு: மூன்று மூலைகளும் ஒரே அளவில் இருந்தால் ஒன்று தேய்ந்தபின் அடுத்ததைத் திருப்பிக்கொள்ளலாம், ஆக ஒரே விலைக்கு மூன்று பிக்குகள். ஜாஸ் 3 போன்ற சிறிய கூர்முனைப் பிக்குக்குப் பழகியவருக்கு முக்கோணம் விரலிடையில் இடைஞ்சலாக இருக்கும். அவர் அந்தச் சிறு வடிவிலேயே உயர்ந்த பொருளைத் தேடுவது மேல்.

பெவல் எந்தக் கைக்காகத் தீட்டப்பட்டது என்பதை வாங்குமுன் கட்டாயம் பார்க்க வேண்டும். நம்மில் பெரும்பாலோர் பிக்கைத் தந்திக்கு நேர் இணையாகப் பிடிப்பதில்லை. சற்றுச் சாய்த்தே பிடிக்கிறோம், அந்தச் சாய்வில் விளிம்பின் ஒரு பக்கம் மட்டும் தந்தியைச் சந்திக்கிறது. சாய்வுக்கேற்ப ஒரு பக்கம் மட்டும் தீட்டிய பிக்குகளில் வலக்கைக்கும் இடக்கைக்கும் தனித்தனி வகைகள் உண்டு. இடக்கையால் மீட்டுபவர் வலக்கைப் பிக்கை வாங்கினால், கொடுத்த விலையின் பயன் முழுவதும் தந்தியைத் தொடாத பக்கத்தில் கிடக்கும். சுற்றிலும் சமமாக உருட்டித் தீட்டியவை இருகைக்கும் பொதுவானவை. தன் சாய்வு எப்படி என்று உறுதியாகத் தெரியாதவர் அவற்றையே கேட்டு வாங்கலாம்.

சோதிக்கும்போது உரக்க வாசித்துப் பார்ப்பது எல்லோரும் செய்வது. அதில் எல்லாப் பிக்குகளும் நன்றாகவே ஒலிக்கும். சுருள் சுற்றிய தடித்த தந்தியில், தந்திகளைத் தாங்கும் குதிரை என்னும் கட்டைக்கு அருகே, மிக மெதுவாக மேலும் கீழும் மீட்டிப் பார்க்க வேண்டும். உராய்வு ஒலி அங்கேதான் ஒளிந்திருக்கும். பிறகு தந்திவிட்டுத் தந்தி தாண்டும் ஒரு பயிற்சியை வாசித்து, மேல்நோக்கிய மீட்டலில் பிக் சிக்குகிறதா என்று கவனிக்க வேண்டும். கைபேசியில் பதிவு செய்து, எந்தப் பிக் எது என்று தெரியாமல் வேறொருவரைக் கேட்கச் சொன்னால், விலை தரும் மயக்கம் பெருமளவு விலகும். வாசிப்பவரின் காதுக்குப் பெரிதாகத் தோன்றும் வேறுபாட்டைக் கேட்பவர் கண்டுபிடிக்கத் தவறினாலும் அதனால் பிக் பயனற்றது என்றாகாது. கை இலகுவாக இயங்குவதே தனிப் பயன். ஆனால் பணம் கொடுப்பது ஒலிக்காகவா, கைக்காகவா என்பது அப்போது தெளிவாகிவிடும்.

வாங்கியபின் பராமரிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. நாள்பட்ட விளிம்பில் சிறு பள்ளங்கள் தெரியத் தொடங்கினால் தூக்கி எறிய வேண்டாம். மெருகேற்றப் பயன்படும் மிக நுண்ணிய உப்புத்தாளில் தொடங்கி, கடைசியில் காகிதத்தின் பின்புறத்திலோ தடித்த துணியிலோ தேய்த்தால் வழவழப்பு மீளும். பழைய சரிவின் கோணத்திலேயே தேய்க்க வேண்டும் என்பது ஒன்றுதான் கவனிக்க வேண்டியது. இதே முறையில் ஒரு மலிவான தடித்த பிக்கின் விளிம்பையும் தீட்டிப் பார்க்கலாம். பொருளின் குணம் மாறாது, தேய்மானமும் குறையாது; ஆனால் விளிம்பின் பங்கு எவ்வளவு, பொருளின் பங்கு எவ்வளவு என்பது கையிலேயே தெரிந்துவிடும். அந்தத் தீட்டிய பிக்கிலேயே நிறைவு கிடைத்தவர்களும் உண்டு.