சொந்த ஊருக்கே சுற்றுலா: நாகர்கோவிலில் நடையா, டவுன் பஸ்ஸா, வேனா?

நாகர்கோவில் பிள்ளைகள் தினமும் மணிமேடையைச் சுற்றித்தான் டியூஷனுக்குப் போகிறார்கள். அதில் மணி எத்தனை என்று பார்ப்பார்களே தவிர, அது திருவிதாங்கூர் மன்னர் ஸ்ரீமூலம் திருநாள் காலத்தில் 1893இல் திறக்கப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. அப்படிப்பட்ட வகுப்பை வெளியூர்க்காரர் கண்ணோடு ஊர் பார்க்க வைக்க மூன்று வழி உண்டு. இங்கே போடும் கணக்கு 40 பிள்ளைகள் உள்ள ஏழு, எட்டாம் வகுப்புக்கு.

நடை

செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அதிகம் பார்க்கக் கிடைப்பதும் இதில்தான். ஆனால் 40 பேரையும் ஒரே வரிசையாகக் கூட்டிப் போனால் கெட்டது கதை. வேப்பமூடு சந்திப்பில் முன்வரிசை ரோட்டைக் கடந்து முடிக்கும்போது பின்வரிசை இந்தப் பக்கமே நிற்கும், நடுவில் பஸ் புகுந்துவிடும். 8 பேராக 5 குழு பிரித்து, குழுவுக்கு ஒரு பெரியவர், குழுக்களுக்கு இடையே 10 நிமிட இடைவெளி. இவ்வளவு செய்தாலே பாதித் தொல்லை தீரும்.

நாகராஜா கோவிலில் தொடங்குவதே சரி. மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் இதைக் கடைசிக்குத் தள்ள முடியாது. ஆவணி ஞாயிறும் ஆயில்ய நாளும் வேண்டவே வேண்டாம், கூட்டத்தில் பிள்ளைகளை எண்ண முடியாது. கருவறை மண்ணே இங்கே பிரசாதம் என்பது ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். அதே கோவில் தூண்களில் சமணத் தீர்த்தங்கரர்களான மகாவீரரும் பார்சுவநாதரும் இருப்பதை 'தேடிக் கண்டுபிடி' என்று விட்டுவிடுங்கள். சொல்லிக் காட்டினால் இரண்டு நிமிடம் பார்ப்பார்கள், தேடவிட்டால் இருபது நிமிடம் பார்ப்பார்கள்.

அங்கிருந்து மணிமேடை, வேப்பமூடு பூங்கா, கடைசியில் கோட்டாறு. பூங்காவில் தண்ணீரும் தின்பண்டமும். கழிப்பறை எங்கெங்கே திறந்திருக்கிறது என்று முந்தின நாளே ஒருவர் போய்ப் பார்த்துவர வேண்டும். நடைப்பயணங்கள் பாதியில் நிற்பது பெரும்பாலும் வெயிலால் அல்ல, இதனால்தான். கோட்டாறு சந்தையில் சரக்கு இறக்கும் நேரத்தில் லாரிக்கும் கடைக்கும் நடுவே எட்டுப் பேர் நிற்க இடம் இருக்காது. எனவே உள்ளே நுழையாமல் முகப்பிலேயே மட்டி, செவ்வாழை, நேந்திரன் விலையைக் கேட்டு எழுதச் சொன்னால் போதும்.

ஒரு விதி மட்டும் கண்டிப்பாக வேண்டும்: தெரிந்த வழியானாலும் யாரிடமாவது கேட்டுத்தான் போக வேண்டும். வழி கேட்கும் பிள்ளைக்குத்தான் ஊர் புதிதாகத் தெரியும்.

டவுன் பஸ்

சுசீந்திரம் கோவிலுக்குப் போக இது நல்ல வழி. சுமார் 6 கிலோமீட்டர்தான், கன்னியாகுமரி ரோட்டில் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. பெண்பிள்ளைகளுக்குச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. பையன்களின் இலவசப் பாஸ் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடைப்பட்ட தடத்துக்கு மட்டும் என்பதால், அவர்களுக்குச் சில்லறை கையில் வேண்டும்.

சிக்கல் ஏறுவதில் இல்லை, இறங்குவதில்தான். 40 பேரை ஒரே பஸ்ஸில் ஏற்றினால் ஊர்க்காரர்களும் திட்டுவார்கள், கண்டக்டரும் திட்டுவார். 20, 20 ஆகப் பிரித்து, முன்வாசலில் ஒரு ஆசிரியர், பின்வாசலில் ஒரு ஆசிரியர். தவறவிட்டவன் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி அங்கேயே நிற்க வேண்டும், திரும்பி நடக்கக் கூடாது. இதைப் பிள்ளைகள் வாயாலேயே திருப்பிச் சொல்ல வையுங்கள். காலை 9.30க்கு முன்னும் மாலை 4க்குப் பின்னும் பஸ்ஸைத் தொடவே வேண்டாம். கோவிலுக்குள் பையன்கள் சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கும், அதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

எட்டாம் வகுப்புக்குக் கீழே இந்த வழி தேவையில்லை.

வேன், அல்லது பள்ளி பஸ்

ஊருக்குள் வேன் வீண்செலவு: நிறுத்த இடம் தேடுவதிலேயே காலை போய்விடும். ஆனால் பத்மநாபபுரம் அரண்மனைக்கு வேறு வழி யோசிக்காதீர்கள். தக்கலை வரை திருவனந்தபுரம் ரோட்டில் சுமார் 15 கிலோமீட்டர், அங்கிருந்து உள்ளே 2. வாடகை பேசும்போது டிரைவர் பேட்டா, பார்க்கிங் இரண்டும் சேர்த்தா தனியா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

இருக்கும் இடம் தமிழ்நாடு, பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. பலர் கோட்டைவிடுவது இதில்தான். திங்கட்கிழமை விடுமுறை. அதோடு, நம் பள்ளி நாள்காட்டியைப் பார்த்துத் தேதி குறித்தால் கேரள விடுமுறையன்று பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்ப நேரும். மத்தியானமும் சிறிது நேரம் மூடுவார்கள், ஆகவே காலையிலேயே உள்ளே இருக்க வேண்டும். மாணவர் கட்டணச் சலுகைக்குத் தலைமையாசிரியர் கையெழுத்தும் முத்திரையும் உள்ள கடிதம் கொண்டுபோங்கள். உள்ளே மரப்படி குறுகல், செங்குத்து. ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏற முடியும் என்பதால் இங்கும் 8 பேர் குழுதான். செருப்பை வெளியே விட வேண்டும், கறுத்துப் பளபளக்கும் தரையில் சாக்ஸ் போட்ட கால் வழுக்கும்.

போகும் வழியில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுப் பிடிபட்டு, பிறகு அவர் படைக்கே தளபதியான டச்சுக் கம்பெனிப் படை அதிகாரி டிலனாயின் கல்லறை அங்கே இருக்கிறது. கல்வெட்டு லத்தீனிலும் தமிழிலும். தமிழ்ப் பகுதியை எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லுங்கள்.

எதை முதலில்?

ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் நடை. இரண்டு நாள் என்றால் முதலில் நடை, அடுத்த வாரம் வேன். வரிசை மாறக் கூடாது, அதற்குக் காரணம் உண்டு. நடை முடியும் கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் 2022இல் புனிதர் பட்டம் பெற்ற தேவசகாயத்தின் கல்லறை இருக்கிறது. அவர் பத்மநாபபுரம் அரண்மனையில் வேலை பார்த்தவர், கிறிஸ்தவத்தை அவருக்கு அறிமுகம் செய்தவர் டிலனாய். கோட்டாறில் பெயரைக் குறித்துக்கொண்ட பிள்ளை, அடுத்த வாரம் உதயகிரியில் ஆசிரியர் வாய் திறக்கும் முன்னே கேள்வி கேட்பான். டிசம்பர் தொடக்கம் சவேரியார் திருவிழா முடியும் சமயம் என்பதால் கோட்டாறில் நடக்க இடம் இருக்காது. தை, மாசியில் வையுங்கள்: மழையும் குறைவு, வெயிலும் ஏறியிருக்காது.