இடுப்பு பெல்ட்டா, உடற்பயிற்சியா?

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் கீழ்முதுகு வலி என்றால் நம் ஊரில் பலர் முதலில் வாங்குவது மருந்துக்கடை பெல்ட்தான். மாட்டியவுடன் நிமிர்ந்து நிற்க முடிகிறது, நீண்ட பஸ் பயணத்தில் ஒரு தைரியம் தருகிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், நாள்பட்ட வலிக்கு பெல்ட் வேண்டாம் என்கிறது. டிராக்‌ஷனுக்கும் (கட்டி வைத்து இழுப்பார்களே, அது) அதே கதிதான்.

உடற்பயிற்சியை அதே வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. மெதுவான வழி, பல வாரம் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம், அதனால்தான் பாதியில் விட்டுவிடுகிறார்கள். தினமும் நடப்பது, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றிக்கொண்டு வலது கையையும் இடது காலையும் ஒன்றாக நீட்டிச் சில நொடி நிறுத்துவது, இதற்கெல்லாம் ஒரு பாய் போதும். செய்யும்போது லேசாக வலித்தால் எலும்பு தேய்கிறது என்று பயப்படாதீர்கள். மறுநாளும் வலி ஏறிக்கொண்டே போனால் அளவைக் குறையுங்கள்.

என்னைக் கேட்டால் பெல்ட் காசை பிசியோதெரபிஸ்ட்டிடம் கொடுத்து முறையாகக் கற்றுக்கொள்வது மேல். சரி, ஏற்கெனவே வாங்கியாயிற்றா? ரொம்ப வலிக்கும் நாளில் கொஞ்ச நேரம் போட்டு, அப்புறம் கழற்றிவிடுங்கள்.

கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ இரண்டுமே உதவாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.