பிள்ளைகள் இல்லாத ஓய்வுக்காலம்: சொந்த நாடா, அயல்நாடா?

பிள்ளைகள் இல்லாதவர்கள் இடம் மாறுவது எளிது என்பார்கள். உண்மைதான். ஆனால் 80 வயதில் மருத்துவமனைப் படிவத்தில் யார் கையெழுத்திடுவார் என்பதை முதலில் யோசியுங்கள்.

சொந்த நாட்டில் உடன்பிறந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், பழைய நண்பர்கள் என்று யாராவது இருப்பார்கள். மொழியும் துணை, மறதிநோய் வந்தால் பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் நழுவிப்போவதுண்டு.

அயல்நாட்டில் பராமரிப்பு சிறப்பாக இருக்கலாம், செலவு குறையலாம். ஆனால் ஓய்வுக்கால விசா பெரும்பாலும் நிரந்தர உரிமை தராது. தாய்லாந்தில் 50 வயது நிரம்பியவர்கள் 8 லட்சம் பாத் வங்கி இருப்போ மாதம் 65,000 பாத் வருமானமோ காட்டி, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். துணைவரைச் சார்ந்த விசா என்றால், அவர் இறந்தபின் நிலைமை என்ன என்று முன்பே விசாரியுங்கள். உயிலையும் கவனியுங்கள்: ஐரோப்பிய ஒன்றியத்தின் பெரும்பாலான நாடுகளில், நீங்கள் வேறு தேர்வு செய்யாவிட்டால், கடைசியாக வாழ்ந்த நாட்டின் வாரிசுச் சட்டமே பொருந்தும்.

தனியாக இருப்பவர் உறவுகள் உள்ள இடத்திலேயே இருப்பது நல்லது என்பேன். உடல்நலமுள்ள தம்பதி தாராளமாகப் போகலாம். சொந்த வீட்டை மட்டும் உடனே விற்றுவிட வேண்டாம்.