காபிக்கு அரை மணி காத்திருப்பு: செமாக்ளூடைட் மாத்திரை, நீண்ட நாள் அனுபவம்

சுகரையும் பசியையும் எடையையும் குறைக்கிற செமாக்ளூடைட் மருந்தின் விலை இறங்கியதிலிருந்து ஒரே கேள்வி என்னிடம் வந்துகொண்டே இருக்கிறது. போன வாரம் பள்ளித் தோழி போனில் பிடித்துக்கொண்டாள். "ஏண்டி, நீ அந்த மாத்திரைதானே போட்டுக்கிற? பசியே எடுக்காதாமே, நெஜமா? நான் ஊசி போட்டுக்கவா, இல்ல மாத்திரையே போதுமா?" அவசரத்தில் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. நிதானமாக எழுதிவிடுகிறேன்.

மருந்து என்ன செய்யும் என்பது இப்போது பேப்பர் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். என் நிலவரத்தை மட்டும் சொல்கிறேன். ஐம்பதைத் தாண்டிய வயது, டைப் 2 சுகர், கூடவே தைராய்டு குறைவு, திருச்சியில் உட்கார்ந்த இடத்து ஆபீஸ் வேலை. இந்த மாத்திரை 2022-இல் இந்தியாவுக்கு வந்ததே சுகருக்காகத்தான். எனக்கும் டாக்டர் சுகருக்காகத்தான் எழுதினார், எடை இறங்கினால் முழங்காலுக்கும் நல்லது என்றார். 3 மில்லிகிராமில் ஒரு மாதம், அப்புறம் 7, அப்புறம் 14. அதிலேயே இருக்கிறேன். எடை 84 கிலோவிலிருந்து 76. மூன்று மாதச் சராசரி சுகர் (எச்பிஏ1சி) 8.4 சதவீதத்திலிருந்து 6.7.

நல்லதை முதலில் சொல்கிறேன். அது நிஜமாகவே பெரிய நல்லது.

எனக்குப் பசி என்றைக்கும் பெரிய தொந்தரவாக இருந்ததில்லை. சாப்பிட்டு எழுந்த அரை மணியில் வாய் நமநமவென்று ஆரம்பிக்குமே, அதுதான் தொந்தரவு. வயிறு நிறைந்திருக்கும். ஆனாலும் அலமாரி மேல்தட்டில் தட்டை டப்பா இருக்கிறது என்பது தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். நாலு மணிக்கு ஆபீஸ் வாசலில் பஜ்ஜிக்கு எண்ணெய் காயும் வாசம் வந்தால், போகலாமா, ஒன்றே ஒன்று சாப்பிடலாமா, அப்படிச் சாப்பிட்டால் ராத்திரி சப்பாத்தியில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாமா என்று உள்ளே ஒரு வழக்கே நடக்கும். டயட்டில் இருந்த காலங்களில் இது இரட்டிப்பாகும். சாப்பிடுகிற நேரத்தைவிடச் சாப்பாட்டை நினைக்கிற நேரம் அதிகமாகிவிடும்.

7 மில்லிகிராமுக்கு மாறிய பிறகு ஒரு சாயங்காலம், பஜ்ஜிக் கடையைத் தாண்டி பஸ் ஸ்டாப்புக்கு வந்து, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. கடை பக்கம் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடக்கிக்கொண்டு வந்த நாட்கள் எனக்கு நிறைய உண்டு. அன்று அடக்க ஒன்றுமே இருக்கவில்லை. பஸ்ஸிலேயே கண் கலங்கிவிட்டது. ஒல்லியாகப் பிறந்தவர்கள் தினமும் இப்படித்தான் வீட்டுக்குப் போகிறார்களா என்று நினைத்துக்கொண்டேன்.

பசியே எடுக்காது என்பது சரியில்லை. எடுக்கும். மதியம் பன்னிரண்டரைக்கு வயிறு கேட்கும். கொடுத்தால் அடங்கும், அவ்வளவுதான் வித்தியாசம். மூன்றாவது இட்லியை எடுக்கப்போன கை தானாக நிற்கிறது. இரைப்பை மெதுவாகக் காலியாவதால் வயிறு சீக்கிரம் நிறைகிறது, மூளைக்கும் 'போதும்' என்பது சீக்கிரம் போய்ச் சேருகிறது.

இந்த இடத்தில் எனக்கு ஒரு கோபம் உண்டு. "வாயைக் கட்டினா எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லாத சொந்தக்காரர் கிடையாது. இருபது வருஷமாகக் கட்டிப் பார்த்த வாய் இது. 2011-இல் மெல்போர்னில் ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். 50 பேருக்குப் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரிச் சாப்பாடு கொடுத்து எடையைக் குறைத்து, ஒரு வருஷம் கழித்து ரத்தத்தைச் சோதித்தார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் அப்போதும் முன்னைவிட அதிகமாகவே இருந்தது. 'போதும்' சொல்கிற லெப்டின் குறைந்தே இருந்தது. பசி கூடுதலாக இருப்பதாக அவர்களும் சொன்னார்கள். அதாவது எடை குறைத்தவருடைய உடம்பு ஒரு வருஷம் ஆகியும் விட்டதைத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த உடம்போடு மல்லுக்கட்டுகிறவளைப் பார்த்து மனக்கட்டுப்பாடு இல்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. இந்த மாத்திரை எனக்குக் கொடுத்ததில் எட்டு கிலோவைவிட இந்தத் தெளிவையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

சுகர் இருக்கிறவர்களுக்கு இன்னொரு பசியும் உண்டு. நான் முன்பு கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். பதினொரு மணி வாக்கில் கை நடுங்கும், வேர்க்கும், கண்ணில் பட்டதை அள்ளி வாயில் போடச் சொல்லும். அது சுகர் இறங்குவதால் வருகிற பசி. அதற்குப் பயந்து கைப்பையில் பிஸ்கட் பாக்கெட் இல்லாமல் வெளியே போகமாட்டேன், பயத்திலேயே பாதி பாக்கெட் காலியாகும். எடை எப்படி இறங்கும்? செமாக்ளூடைட் ஆரம்பித்தபோதே டாக்டர் கிளிமிபிரைடைப் பாதியாக்கி, பிறகு நிறுத்தியும்விட்டார். நேரம் கெட்ட நேரத்தில் இப்படிப் பசித்தால் முதலில் விரலைக் குத்தி சுகர் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் உடனே குளுக்கோஸோ சர்க்கரையோ சாப்பிடுங்கள், அங்கே டயட் பார்க்கக் கூடாது. மருந்தளவை டாக்டர்தான் மாற்ற வேண்டும்.

இப்போது காலை நேரத்துக்கு வருகிறேன்.

எழுந்தவுடன் வெறும் வயிற்றில் மாத்திரை. அரை டம்ளர் தண்ணீர், அதாவது 120 மில்லிக்கு மேல் போகக் கூடாது. உடைக்கக் கூடாது, மெல்லக் கூடாது. அதன்பின் குறைந்தது முப்பது நிமிடம் சாப்பாடு, தண்ணீர், வேறு மாத்திரை எதுவும் கூடாது. காபியும் கூடாது.

ஏன் என்று படித்துத் தெரிந்துகொண்டேன், தெரிந்தால் எரிச்சல் குறையும் என்று நினைத்து. செமாக்ளூடைட் ஒரு பெப்டைடு, அதாவது குட்டிப் புரதம் மாதிரி. சும்மா விழுங்கினால் வயிறு அதைப் பருப்பில் இருக்கும் புரதத்தைச் செரிப்பதுபோலச் செரித்துவிடும். அதனால் எஸ்நாக் என்ற ஒரு பொருளைச் சேர்த்திருக்கிறார்கள். மாத்திரை கரைகிற இடத்தைச் சுற்றி மட்டும் அமிலத்தைக் குறைத்து, மருந்தை இரைப்பைச் சுவர் வழியே உள்ளே அனுப்புவது அதன் வேலை. அத்தனையும் செய்தும், விழுங்குவதில் நூற்றில் ஒரு பங்குதான் ரத்தத்துக்குப் போகிறது. வாரத்துக்கு 98 மில்லிகிராம் நான் விழுங்குகிறேன். ஊசி போடுகிறவர்கள் எடைக்காக வழக்கமாக எடுத்துக்கொள்ளும் முழு அளவே வாரத்துக்கு 2.4. அந்த ஒரு பங்கும் ஒரு மடக்குத் தண்ணீர் கூடினால், ஒரு வாய் காபி சீக்கிரம் போனால் இன்னும் குறையும்.

ஊசியாக மட்டுமே இருந்த மருந்தை மாத்திரையாக்கியது பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் தெரிந்துகொண்டதால் எரிச்சல் ஒரு துளியும் குறையவில்லை.

நான் ஐந்து மணிக்கு எழுகிறவள். ராத்திரியே பில்டரில் தூள் போட்டு டிகாக்ஷன் இறக்கி வைத்திருப்பேன். வீடு எழுவதற்கு முன்னால் பால் காய்ச்சி, டபரா டம்ளரில் ஆற்றி, பேப்பரோடு உட்காரும் அந்தப் பத்து நிமிடம்தான் நாள் முழுக்க எனக்கே எனக்கென்று இருந்த நேரம். கல்யாணம் ஆன நாளிலிருந்து அதை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. இப்போது மாத்திரையைப் போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கிறேன். முப்பது நிமிடம் முடிவதற்குள் வீட்டுக்காரர் எழுந்துவிடுகிறார், குக்கர் வைக்கவேண்டியிருக்கிறது, மாமியாருக்குக் கஞ்சி கொடுக்கவேண்டியிருக்கிறது. காபி கிடைக்கத்தான் செய்கிறது, நின்றுகொண்டு, ஒரு கையில் கரண்டியோடு. அந்த அரை மணியில் வாக்கிங் போ, தியானம் செய், வாசல் தெளித்துக் கோலம் போடு என்று எல்லோரும் யோசனை சொல்கிறார்கள். எல்லாம் செய்து பார்த்தாகிவிட்டது. எதுவும் அந்தக் காபிக்கு ஈடாகவில்லை.

ஒரு காபிக்காக இவ்வளவு கோபமா என்றால், காரணம் இருக்கிறது. இந்த மாத்திரை என் பஜ்ஜி ஆசையை எடுத்துவிட்டது, இனிப்பு ஆசையை முக்காலும் எடுத்துவிட்டது, ராத்திரி பத்து மணிக்கு மிக்சர் தேடுவதை அடியோடு எடுத்துவிட்டது. எனக்கு வாய்க்கு என்று மிச்சமிருக்கிற ஒரே சந்தோஷம் காலைக் காபி. அதைத்தான் தினமும் காக்க வைக்கிறது.

தைராய்டு மாத்திரை சிக்கலை யாருமே பேசுவதில்லை. நம் ஊரில் என் வயதுப் பெண்களில் எத்தனை பேர் காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போடுகிறார்கள்! இரண்டுக்குமே வெறும் வயிறு வேண்டும், இரண்டையும் சேர்த்துப் போடவும் கூடாது. டாக்டர் என் தைராய்டு மாத்திரையை ராத்திரி படுக்கும் நேரத்துக்கு மாற்றினார், ராத்திரிச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்து. ஆக ஏழு மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். அதோடு, செமாக்ளூடைட் மாத்திரை, தைராய்டு மாத்திரையில் இருக்கும் தைராக்சின் ரத்தத்தில் சேரும் அளவை மூன்றில் ஒரு பங்கு கூட்டக்கூடும் என்பதால், தைராய்டு அளவு சரியா என்று பார்க்கும் டிஎஸ்எச் பரிசோதனையும் திரும்ப எடுக்கவேண்டியிருந்தது. காலையில் எழுந்ததும், ராத்திரி படுக்கும்போதும் வயிற்றுக்குக் கணக்கு. காலைப் பல்லவன் ரயிலில் சென்னை போகிற நாட்களில் இந்தக் கணக்கைச் சரிக்கட்ட நாலு மணிக்கே எழவேண்டும்.

மற்றவை சீக்கிரம் சொல்லிவிடலாம். ஒவ்வொரு முறை அளவைக் கூட்டும்போதும் சில வாரம் குமட்டல் இருந்தது, எண்ணெய்ப் பலகாரம் பக்கம் போனால் அதிகம். மலச்சிக்கல் இன்னும் இருக்கிறது. கீரை, வாழைத்தண்டு, பகல் முழுக்கத் தண்ணீர் என்று சமாளிக்கிறேன். ஆரம்பிப்பதற்கு முன் கணைய அழற்சி வந்திருக்கிறதா, குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் உண்டா என்று கேட்டார்கள், விழித்திரைப் பரிசோதனையும் செய்தார்கள். இதெல்லாம் கேட்காமல் எழுதிக் கொடுக்கிற இடத்தில் வாங்காதீர்கள்.

சாப்பாட்டில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அளவு குறைந்துவிட்டதால் உள்ளே போகிற கொஞ்சத்தில் புரதம் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும். இரண்டு இட்லியும் சட்னியும் எனக்கு வயிற்றை நிரப்பிவிடும், ஆனால் அதில் புரதம் என்ன இருக்கிறது? இப்போது காலையில் இரண்டு முட்டை, ஒரு இட்லி. சாயங்காலம் கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டல். மதியம் கூட்டு, பொரியல், மீன் முதலில், சோறு கடைசியில். காய்கறியும் புரதமும் முன்னால் போனால் சாப்பிட்ட பிறகு ஏறும் சுகர் குறைகிறது என்று 2015-இல் நியூயார்க்கில் சிறிய அளவில் சோதித்துச் சொன்னார்கள். சுகருக்காக ஆரம்பித்தேன், நாலு மணி வரை பசி தாங்குவதையும் பார்த்தேன். மருந்து நின்றாலும் இந்தப் பழக்கம் என்னோடு இருக்கும்.

கல்யாண வீட்டில் மட்டும் சங்கடம். "என்ன, கொறிக்கிற? சமையல் புடிக்கலையா?" என்று அத்தை கேட்கும்போது பதில் சொல்லத் தெரியவில்லை. பால் பாயசத்தில் இரண்டு கரண்டிக்கு மேல் இறங்காததில் எனக்கும் வருத்தம்தான்.

காசு விஷயம். விலை இறங்குவதற்கு முன் என் மாத்திரை ஒன்று முந்நூறு ரூபாய்க்கு மேல் இருந்தது, மாதம் கிட்டத்தட்டப் பத்தாயிரம். எடை குறைப்புக்கான வீகோவி என்ற செமாக்ளூடைட் ஊசி 2025 ஜூனில் இங்கே வந்தபோது ஆரம்ப அளவுக்கே மாதம் 17,345 ரூபாய். அப்போது அந்தப் பக்கமே யோசிக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் அது 10,850 ஆனது. 2026 மார்ச்சில் செமாக்ளூடைடின் இந்தியக் காப்புரிமையும் முடிந்தது. ஊசியை வாரம் ஒரு முறை, எந்த நேரத்திலும், சாப்பிட்டோ சாப்பிடாமலோ போடலாம். 2021-இல் வெளியான பெரிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தது. நிறுத்தியவர்களுக்கு ஒரு வருஷத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். ஊசியோ மாத்திரையோ, ஆரம்பித்தால் நீண்ட நாள் பந்தம்.

அப்படி நீண்ட நாள் பந்தம் என்றால் தினமும் காலையில் அரை மணியைக் கேட்கிற ஒன்றை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஊசிக்குப் பயமில்லை என்றால் டாக்டரிடம் ஊசியையே கேட்கச் சொல்வேன். பசியை அடக்கியதற்கு ஐந்துக்கு ஐந்து கொடுக்கலாம், சுகருக்கும் கொடுக்கலாம். ஆனால் மொத்த மதிப்பெண் கேட்டால் இன்றைக்கு நான் கொடுப்பது இரண்டு. நேற்றும் காபியை நின்றுகொண்டே குடித்தேன், இன்றும் அப்படித்தான். அடுத்த ரிவ்யூவில் எனக்கும் மாற்றிக் கொடுங்கள் என்று கேட்கப்போகிறேன். ரிப்போர்ட் இவ்வளவு நன்றாக இருக்கும்போது எதற்கு என்று டாக்டர் கேட்பார். இதில் எழுதிய காரணத்தைத்தான் அவரிடமும் சொல்வேன்.