ஹோம் ஹெல்த் எய்டுகளுக்கு ஆன்லைன் பயிற்சி: ஐந்தாண்டு அனுபவம்

அமெரிக்காவில் வீட்டுப் பராமரிப்பு நிறுவனம் ஒன்றில் பதிவுபெற்ற செவிலியராகப் பணியாற்றும் நான், புதிதாகச் சேரும் ஹோம் ஹெல்த் எய்டுகளுக்கு, அதாவது நோயாளியின் வீட்டுக்கே சென்று அன்றாடப் பராமரிப்பில் உதவும் பணியாளர்களுக்கு, பயிற்சியளிக்கும் பொறுப்பை ஏற்று ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. அன்று முதல் பாடப் பகுதியை ஆன்லைன் கோர்ஸ் வழியாகவும் செய்முறைப் பகுதியை நேரிலும் நடத்தி வருகிறோம்.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். கூட்டரசு விதிப்படி பயிற்சி 75 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. அதில் 16 மணி நேரப் பாடம் முடிந்த பின்னரே, செவிலியரின் மேற்பார்வையில் நடக்கும் 16 மணி நேரச் செய்முறைப் பயிற்சியைத் தொடங்கலாம். நர்சிங் ஹோம் எனப்படும் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் செவிலியர்களுக்கு உதவும் நர்ஸ் எய்டுகளுக்கும் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த குறைந்தபட்ச அளவு 75 மணி நேரம்தான். கலிபோர்னியாவோ நர்ஸ் எய்டுகளுக்கு 60 மணி நேரப் பாடமும் 100 மணி நேரச் செய்முறையும் கேட்கிறது. செய்முறையை மேற்பார்வையில் நேரில்தான் செய்ய வேண்டும். ஆகவே, முழுப் பயிற்சியையும் வீட்டிலிருந்தே முடித்துவிடலாம் என்று விளம்பரம் செய்யும் கோர்ஸ்களுக்குத் தயவுசெய்து பணம் கட்டாதீர்கள். அப்படியொரு சான்றிதழுடன் எங்களிடம் வந்த ஒரு பெண், மீண்டும் முதல் மணி நேரத்திலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அவர் கட்டிய பணம் திரும்பி வரவில்லை.

ஆன்லைன் பாடத்தின் பெரிய பலன், திரும்பத் திரும்பப் பார்க்க முடிவதுதான். ஆங்கிலம் தாய்மொழியல்லாத பலர், வகுப்பறையில் கேட்கக் கூச்சப்பட்ட சொல்லை வீட்டில் வீடியோவை நிறுத்தி, வேகத்தைக் குறைத்து, நான்கு முறை கேட்டுப் புரிந்துகொள்கிறார்கள். தொற்றுத் தடுப்பு, நோயாளியின் உரிமைகள், மறதிநோய் உள்ளவரிடம் பேசும் முறை ஆகியவை இவ்வழியில் நன்றாகவே மனத்தில் பதிகின்றன.

கைவேலை அப்படிப் பதிவதில்லை. நாடி பார்க்கும் பாடத்தில் முழு மதிப்பெண் பெற்ற ஒருவர், நேரில் என் மணிக்கட்டைப் பிடித்தபோது கட்டைவிரலை வைத்து எண்ணத் தொடங்கினார். கட்டைவிரலை வைத்தால் நம்முடைய துடிப்பையே எண்ணிவிடக்கூடும் என்பதைப் பாடம் சொல்லியிருந்தது. அதற்கான கேள்விக்கும் அவர் சரியாகவே விடையளித்திருந்தார். சட்டை மாட்டிவிடுவதும் அவ்வாறே. பலவீனமான கையை முதலில் நுழைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வீடியோவில் படுத்திருப்பவர் நல்ல ஆரோக்கியமானவர், அவருடைய கை சொன்னபடி மடங்குகிறது. பக்கவாதத்தால் விறைத்துப்போன கையின் முழங்கையைத் தாங்கிப் பிடித்து, இழுக்காமல், சட்டைக் கையை மட்டும் மேலேற்றுவதற்கு ஒருவர் பக்கத்தில் நின்று கற்றுத்தர வேண்டியிருக்கிறது.

முதல் இரண்டு ஆண்டுகள் பாடம் முழுவதையும் முடித்த பிறகே செய்முறைக்கு அழைத்தோம். அது பிழை. அதற்குள் பாதி மறந்திருக்கும். இப்போது தொடக்கத்துக்குரிய 16 மணி நேரம் முடிந்ததும், காலையில் பார்த்த பாடத்தை மாலையிலேயே செய்ய வைக்கிறோம். வீடியோவை ஓடவிட்டு வேறு வேலை பார்ப்பவர்களும் உண்டு. கோர்ஸின் கடிகாரம் அதையும் பயிற்சி நேரமாகவே கணக்கிடுகிறது. அதனால் ஒவ்வொரு பாடத்துக்குப் பின்னும் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, பார்த்ததை அவருடைய சொற்களில் எனக்கு விளக்கச் சொல்கிறேன்.

பணியில் இருப்போர் ஆண்டுதோறும் முடிக்க வேண்டிய 12 மணி நேரத் தொடர்பயிற்சிக்கு ஆன்லைன் மிகவும் பொருந்துகிறது, ஏனெனில் அவர்களுடைய கைகளுக்கு வேலை ஏற்கெனவே பழகியிருக்கிறது. படுக்கைப்புண் பாடத்தைப் பார்த்த மறுநாள் காலையிலேயே ஓர் எய்டு என்னை அழைத்து, தாம் கவனிக்கும் முதியவரின் குதிகாலில் உள்ள சிவப்பு விரலால் அழுத்தினாலும் வெளிறவில்லை என்றார். அது படுக்கைப்புண்ணின் தொடக்க அடையாளம். அன்றே நேரில் சென்று, கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் படுக்கையைத் தொடாதபடி உயர்த்தினோம். அந்தப் பாடத்தில் எனக்கு ஒரே ஒரு குறை: காட்டப்படும் படங்கள் அனைத்தும் வெளிர்நிறத் தோலுடையவை. கருநிறத் தோலில் அந்தச் சிவப்பு எளிதில் தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிட அங்கே சூடாக இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா, வலிக்கிறதா என்று தொட்டும் கேட்டும் அறிய வேண்டும் என்பதை நான்தான் ஒவ்வொரு குழுவுக்கும் தனியாகச் சொல்லி வருகிறேன்.