எம்எல்ஏ ஆபீஸ் மாத மடல்: மூன்றாம் பக்கத்துக்காகப் படிக்கலாம்

எங்கள் தொகுதி எம்எல்ஏ அலுவலகம் மாதாமாதம் வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் அனுப்புகிறது. முதல் இரண்டு பக்கமும் பொன்னாடை, காதணி விழா, ரிப்பன் வெட்டு படங்கள்தான், தள்ளிவிட்டுப் போகலாம். விஷயம் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. தொகுதி மேம்பாட்டு நிதி வருஷத்துக்கு 3 கோடி ரூபாய், அதில் எந்த ஊருக்கு நிழற்குடை, எங்கே ரேஷன் கடைக் கட்டடம், எந்தத் தெருவுக்கு போர்வெல், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று அட்டவணையே போட்டிருக்கிறார்கள். ஆனால் ‘பரிந்துரைக்கப்பட்டது’ என்று பார்த்ததும் வேலை ஆரம்பித்துவிட்டதாக நினைத்துவிடாதீர்கள், எம்எல்ஏ பரிந்துரைக்கத்தான் முடியும், அனுமதி மாவட்ட நிர்வாகம் தர வேண்டும். எங்கள் தெரு வடிகால் மாசக்கணக்கில் ‘பரிசீலனையில்’ என்றே வருகிறது, அந்த வரியில் உள்ள எழுத்துப்பிழையைக்கூடத் திருத்தவில்லை!

அப்புறம், சட்டமன்றத்தில் அவர் கேட்ட கேள்வியும் அமைச்சர் சொன்ன பதிலும் சுருக்கமாக வருவது நல்ல பகுதி. கூட்டத்தொடர் இல்லாத மாதங்களில் அந்த இடத்தைப் பிறந்தநாள் வாழ்த்துகள் பிடித்துக்கொள்கின்றன. கடைசியில் உள்ள நம்பருக்கு போன் செய்தால் உதவியாளர் உடனே எடுக்கிறார், “மனுவா எழுதிக் கொடுத்துருங்கண்ணே” என்கிறார்.

ஐந்துக்கு மூன்று. ஒப்பந்ததாரர் பெயரும் வேலை முடிய வேண்டிய தேதியும் போட்டால் நான்கு தருவேன்.